ஆக்ஸல் எப்போது வரும் என்று கேட்கும் பெற்றோருக்கு

கனடாவில் பிள்ளையை ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சேர்த்த தமிழ்ப் பெற்றோர் பயிற்றுநரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “ஆக்ஸல் எப்போது சொல்லிக் கொடுப்பீர்கள்?” முன்னோக்கிப் போகும்போதே எழும்பி, ஒன்றரைச் சுற்றுச் சுழன்று இறங்கும் தாவல்தான் ஆக்ஸல். பக்கத்துப் பிள்ளை தாவிவிட்டால் அந்தக் கேள்வி வாரம் ஒருமுறை வரும். ஆக்ஸல் ஒழுங்காக வருமா என்பது, அதற்கு ஓரிரு வருடம் முன்பே பிள்ளை ஒற்றைக் காலில் பின்னோக்கி வளைந்து போகப் பழகிய விதத்தில் பெருமளவு முடிவாகிவிடுகிறது. அந்த இடைக்காலத்தில் என்ன நடக்கிறது, எதை அவசரப்படுத்தினால் என்ன கெடும் என்பதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

நாட்டின் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடா தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நடத்தும் கேன்ஸ்கேட் திட்டத்தில் ஆறு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று பிரிவுகள். ஐந்தாம் நிலை முடியும்வரை கனடாவின் தரநிலை அமைப்பான சி.எஸ்.ஏ.-யின் முத்திரையுள்ள ஹாக்கி ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட் செல்லாது. முதல் வகுப்பிலேயே விழக் கற்றுக்கொடுப்போம்: முழங்காலை மடக்கி, ஒரு பக்க இடுப்பில் சரிந்து, தாடையை மார்போடு ஒட்டி, விரல்களை மூடிக்கொள்ள வேண்டும். விரித்த கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். பனியில் கிடக்கும் விரல் மேல் இன்னொருவரின் பிளேடு ஏறலாம்.

பிளேடின் அடிப்பாகம் தட்டையானது அல்ல. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடுகிறது. அதனால் அதற்கு இரண்டு விளிம்புகள் உண்டு: உள் எட்ஜ், வெளி எட்ஜ். முன்னிருந்து பின்னாகவும் பிளேடு லேசாக வளைந்திருக்கும். பனியில் ஒரு நேரத்தில் படுவது அதன் சிறு பகுதிதான். பிள்ளை நேராக நின்றால் இரு விளிம்புகளும் படும். அப்போது வளைவும் இல்லை, பிடிப்பும் இல்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் சாய்ந்தால் பிளேடு தானாகவே வட்டம் போடும். இடுப்பை மட்டும் ஒடித்துச் சாய்வது நாம் அன்றாடம் காணும் பிழை. பார்ப்பதற்குச் சாய்வு போலத் தெரியும், பிளேடு தட்டையாகவே ஓடும்.

1990-இல் ஹாலிஃபாக்ஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்போடு, பனியில் எட்டு வரையும் கட்டாயப் பயிற்சிகள் சர்வதேசப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டன. போட்டியிலிருந்து அவை போனது சரியாக இருக்கலாம். பயிற்சியிலிருந்தும் போனது பெரிய இழப்பு. வாரத்தில் இருமுறையாவது பத்து நிமிடம் எட்டு போடச் சொல்வது வீண் வேலை இல்லை. பிள்ளை போட்ட கோட்டைப் போய்ப் பாருங்கள். ஒற்றைக் கீறல் என்றால் எட்ஜ் பிடித்திருக்கிறது, இரட்டைக் கீறல் என்றால் தட்டையாகப் போயிருக்கிறது. பனி பொய் சொல்லாது.

இனி சொல்வதெல்லாம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும் பிள்ளைக்கு. மறுபக்கம் சுழல்பவர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

தாவலுக்கு முன் நாங்கள் பார்ப்பவை மூன்று. இரு திசையிலும் கிராஸ்கட் (வளைவில் ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்துப் போவது) போடும்போது, கீழே குறுக்காக வரும் கால் டோ பிக்கால் (பிளேடின் முன்முனைப் பற்களால்) பனியைக் கிழிக்காமல் வெளி எட்ஜால் தள்ள வேண்டும். இடது காலில் முன்னோக்கி வெளி எட்ஜில் போய், அதே காலில் பின்னோக்கித் திரும்பும் த்ரீ டர்ன் (பனியில் 3 வடிவில் கோடு விழும் திருப்பம்) சறுக்கல் இல்லாமல் வர வேண்டும். மூன்றாவதே முக்கியம்: வலது காலில் பின்னோக்கி வெளி எட்ஜில், முழங்கால் மடங்கி, இடது கால் பின்னால் நீண்டு, மூன்று விநாடி ஆடாமல் நிற்க வேண்டும். ஆறு வகைத் தாவல்களும் இந்த நிலையில்தான் தரையிறங்குகின்றன. அசையாமல் நிற்க முடியாத இடத்தில், சுழன்று வந்து இறங்கி நிற்க எப்படி முடியும்?

அடுத்தது ஸ்பின், அதாவது ஒரே இடத்தில் சுழல்வது. முன்னோக்கி நுழையும் சாதாரண ஸ்பின், இடது காலின் பின் உள் எட்ஜில் (பின்னோக்கிப் போகும்போது பிடிக்கும் உள் எட்ஜில்), முன்பாதத்துக்குக் கீழே சுழல்கிறது. அது இடம்விட்டு நகர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் பெரும்பாலும் நுழைவில் இருக்கிறது. நுழையும் வெளி எட்ஜைப் போதுமான ஆழத்துக்குப் பிடிக்காமல், வலது காலையும் தோளையும் அவசரமாக வீசிவிடுவார்கள். எட்ஜ் தானாக இறுகித் திரும்பும்வரை வலது கையையும் காலையும் பின்னாலேயே வைத்திருக்க வேண்டும். திரும்பிய பிறகு அவை முன்னால் வரட்டும், அதன் பிறகே கைகள் உள்ளே வர வேண்டும். சாய்ந்த ஆணியில் பம்பரம் நிற்காது. வேகம் கூட்டுவதற்கு முன் அச்சைச் சரிசெய்ய வேண்டும். பனியில் சிறு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் ஸ்பின் நடுவில் நின்றிருக்கிறது. சங்கிலி போல நீண்டிருந்தால் நகர்ந்திருக்கிறது. பனியில் குழி விழுந்திருந்தால் எடை டோ பிக் மேல் ஏறிவிட்டது.

உட்கார்ந்த நிலையில் சுழலும் சிட் ஸ்பின்னில், சுழலும் காலின் தொடை குறைந்தது பனிக்கு இணையாக வர வேண்டும். ஒரு காலைப் பின்னால் நீட்டி உடலைக் கிடையாக வைத்துச் சுழலும் கேமலில், பின்காலின் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். போட்டியில் ஒரு நிலை கணக்கில் சேர, அதில் இடைவிடாமல் இரண்டு சுற்று தேவை. இவற்றை எல்லாம்விடப் பெற்றோர் கவனிக்காத, நாங்கள் அதிகம் மெனக்கெடும் ஸ்பின் ஒன்று உண்டு. அது பேக் ஸ்பின்.

பேக் ஸ்பின் என்பது வலது காலில், பின் வெளி எட்ஜில், இடது கால் முன்னால் குறுக்காக வந்து சுழல்வது. ஒரு சுற்றோ மூன்று சுற்றோ, தாவலில் காற்றில் உடல் இருக்கும் நிலை இதுதான். பலர் வலது காலின் முன் உள் எட்ஜிலேயே நின்று சுழன்றுவிடுவார்கள். பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் எடை வலப்பக்கத்துக்கு வராது, அந்தப் பிள்ளைக்கு ஆக்ஸலும் வராது. நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: சரியான எட்ஜில் ஆறு சுற்று பேக் ஸ்பின் நிலையாக வராதவரை ஆக்ஸலைத் தொடுவதில்லை.

தாவல்களின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அரைச்சுற்று வால்ட்ஸ் ஜம்ப் முதலில். பிறகு சால்கோ, டோ லூப், லூப், ஃப்ளிப், லட்ஸ். ஆக்ஸல் கடைசி. முழுச்சுற்றுத் தாவல்கள் ஆறில் அது ஒன்றுதான் முன்னோக்கிப் போகும்போதே எழும்பும் தாவல். அதனால் அரைச்சுற்று கூடுதல்.

லட்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தப்பாகப் பழகினால் திருத்த வருடக்கணக்கில் எடுக்கும் தாவல் அது. இடது காலின் பின் வெளி எட்ஜில் வந்து, வலது டோ பிக்கைக் குத்தி எழும்ப வேண்டும். வந்த வளைவு ஒரு பக்கம், சுழல வேண்டியது எதிர்ப்பக்கம். டோ பிக்கை எட்டிக் குத்தும் கணத்தில் இடுப்பு திறந்து, பாதம் உள் எட்ஜுக்குப் புரண்டுவிடும். லட்ஸ் என்று எழும்பியது ஃப்ளிப் ஆகிவிடும். போட்டியின் தொழில்நுட்பக் குழு அதை வீடியோவில் நிறுத்திப் பார்த்து ‘e’ குறி போட, மதிப்புக் குறைகிறது. தாவாமல் பழகுவதே மருந்து: பனித்தளத்தில் கிடக்கும் கோட்டின் மேல் வெளி எட்ஜைப் பிடித்துக்கொண்டு, டோ பிக்கைக் குறுக்கே கொண்டுபோகாமல் நேர் பின்னால் தட்டிவிட்டு, அதே எட்ஜில் தொடர்ந்து போக வேண்டும். ஒற்றைச் சுற்றிலேயே இதைச் சரிசெய்துவிட வேண்டும். இரட்டைச் சுற்று வந்த பிறகு உடல் பயந்து பழைய வழிக்கே ஓடும்.

ஆக்ஸலில் நடக்கும் பிழைகளுக்குப் பொதுவான வேர் ஒன்று: சுழற்சியைத் தேடிப் போவது. எழும்புவதற்கு முன்பே தோள் இடப்பக்கம் திரும்பும், வலது கால் முன்னால் ஏறாமல் சுற்றிக்கொண்டு வீசும், இடது எட்ஜ் சறுக்கும். உயரம் போய்விடும், சுற்றில் கால் பங்கு குறையும். நாங்கள் சொல்வது: இடது முழங்காலை ஆழமாக மடக்கு, வலது முழங்காலைப் படி ஏறுவது போல முன்னால் மேலே கொண்டுபோ, எடை வலப்பக்கம் மாறட்டும், பிறகு கையை மூடு. இதை முதலில் தரையில், ஓட்டச் சப்பாத்துடன் பழக வேண்டும். ஹார்னஸில் (கயிற்றோடு கட்டிய கச்சையில்) தொங்கவிட்டுச் சுற்றவைப்பது உணர்வைத் தரும், எட்ஜைத் தராது. அளவோடு போதும்.

சப்பாத்து விஷயத்தில் பெற்றோர் செய்யும் சிக்கனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் உள்ளே ஆடும், எட்ஜ் நிற்காது. மும்முறைச் சுற்றுத் தாவுபவர்களுக்கான கடினமான பூட்ஸை ஒற்றைச் சுற்றுப் பிள்ளைக்கு வாங்குவதும் தவறு. கணுக்கால் மடங்காது, தரையிறங்கும் அதிர்ச்சி முழங்காலுக்கும் கீழ்முதுகுக்கும் ஏறும். நாடாவைக் கணுக்கால் மடங்கும் இடத்தில் இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் சற்றுத் தளர்வாகவும் கட்டுங்கள். பிளேடைச் சுமார் 20 முதல் 30 மணி நேரப் பயிற்சிக்கு ஒருமுறை தீட்ட வேண்டும். ஃபிகர் பிளேடு தீட்டத் தெரிந்தவரிடமே கொடுங்கள், டோ பிக்கைத் தேய்க்க விடாதீர்கள்.

தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் ஒற்றைக் கால் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. புதிய தாவலை ஒரு நாளில் 15, 20 முறைக்கு மேல் முயலவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று முறை மோசமாக விழுந்தால் அன்றைக்கு அந்தத் தாவலை நிறுத்திவிட வேண்டும். சட்டென்று உயரம் கூடும் மாதங்களில் நேற்றுவரை வந்த தாவல் காணாமல் போகும். அப்போது எண்ணிக்கையைக் குறைத்து எட்ஜுக்கும் ஸ்பின்னுக்கும் திரும்புங்கள். சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் 2022-இல் சீனியர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக உயர்த்த முடிவு செய்து, 2024-25 பருவத்திலிருந்து 17 ஆக்கியது. ஒன்பது வயதில் ஆக்ஸல் வரவில்லை என்று கலங்கும் வீட்டில் இந்த எண்ணை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

முதுகைப் பின்னால் வளைக்கும்போது கீழ்முதுகில் வலி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் தொட்டால் வலி, ஓய்வெடுத்தும் போகாத பாதவலி இருந்தால், தாவலை நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். பெண்பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும் அப்படித்தான். பயிற்சிக்கு ஏற்ற உணவு போதாமல் போனதன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பு வலு அதில் குறையும். எடை ஏறக் கூடாது என்று யாராவது பிள்ளையிடம் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இவற்றைப் பயிற்றுநரிடம் வாய்விட்டுச் சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், போட்டியை இழப்போமோ என்று மறைப்பார்கள். அதனால் அடுத்த வகுப்புக்கு முன் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள், அன்றைய பயிற்சியை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறோம்.