ரேம்: நேரணுகு நினைவகம்

குறைந்த செலவில் வீட்டுக் கணினி சேர்க்க நினைத்துக் காரைக்குடிக் கடைகளில் ஏறி இறங்குபவர்கள் முதலில் கேட்பது, “மெமரி எவ்வளவு?” என்பதுதான். “512 ஜிபி மெமரி” என்று கடைக்காரர் சொன்னால் அது எஸ்எஸ்டி, அதாவது சேமிப்பகம். மின்சாரம் போனாலும் அதில் உள்ளது அழியாது. ரேம் வேறு. கணினியின் மூளையான செயலி அந்த நேரத்தில் கையாளும் தரவு அதில் இருக்கும். கணினியை அணைத்தால் போய்விடும். முன்னதைச் சேமிப்பகம், பின்னதை நினைவகம் என்று பிரித்துச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

‘ரேண்டம் ஆக்சஸ் மெமரி’ என்பதன் சுருக்கம் ரேம். ‘ரேண்டம்’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பாய்ச்சல் என்பது மூலப்பொருள். பின்னர் ‘குறியின்றி, கண்டபடி’ என்றானது. இந்தப் பிற்காலப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் ‘தற்போக்கு அணுகல் நினைவகம்’ என்று பெயர்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரேம் எதையும் தன்போக்கில் செய்வதில்லை. எந்த இடத்தில் இருக்கும் தரவையும் முன்னுள்ளவற்றைக் கடக்காமல் நேரே எட்டலாம் என்பதே இங்கே பொருள். காந்த நாடாவில் அது இயலாது. வேண்டிய இடம் வரும்வரை நாடா ஓட வேண்டும்.

செட்டிநாட்டுக் கணக்கு முறை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சிட்டையில் வரவு செலவு நாள் வரிசையில் இருக்கும். ஒருவருடைய பாக்கியைக் காண ஏடு ஏடாகப் புரட்ட வேண்டும். பேரேட்டிலோ அவரவர் பேருக்குத் தனிப் பக்கம். நேரே அங்கே திறக்கலாம். அதனால்தான் ‘நேரணுகு நினைவகம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். பேச்சில் ‘ரேம்’ இருக்கட்டும். அது தமிழில் ஊன்றிவிட்டது.

இன்று நாம் வாங்கும் ரேமின் அடிப்படை, 1966-இல் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு கண்டறிந்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ஒரு பிட்டுக்கு, அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றைத் தரவுக்கு, அவ்வளவே. மின்தேக்கியில் ஏற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லிநொடிக்குள் மீண்டும் ஊட்ட வேண்டும். இந்த வகை ரேமுக்கு ‘டைனமிக்’ என்ற அடைமொழி இதனால் வந்தது.

வாங்கும்போது ரேமில் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். ‘பிசி4-25600’ என்றிருந்தால், ‘பிசி4’ டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறையையும் பின்னுள்ள எண் நொடிக்கு 25,600 மெகாபைட் வேகத்தையும் குறிக்கும். கடையில் 3200 என்பதும் இதைத்தான்; ஒரு பரிமாற்றத்துக்கு 8 பைட் என்பதால் 3200 × 8 = 25,600. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகளே என்றாலும் வெட்டுக்குழியின் இடம் மாறும். ஒன்றன் இடத்தில் மற்றது பொருந்தாது. ஆகவே முதலில் மதர்போர்டு, பிறகு ரேம். ஏஎம்டி செயலிகளுக்கான மதர்போர்டுகளில் ஏஎம்4 வகை டிடிஆர்4-ஐ மட்டும் ஏற்கும், ஏஎம்5 டிடிஆர்5-ஐ மட்டும்.

படிப்புக்கும் வீட்டு வேலைக்கும் 16 ஜிபி போதும். அதை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குவதே நல்லது. செயலிக்கும் ரேமுக்கும் இடையிலுள்ள இரண்டு தடங்களிலும் தரவு ஓடும். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போல வரைகலையும் (திரைக் காட்சியை உருவாக்கும் பகுதி) சேர்ந்த செயலி என்றால் இதன் பலன் கண்கூடாகத் தெரியும், ஏனெனில் வரைகலைக்கும் இதே ரேமில்தான் பங்கு. பொருத்திய பின் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகத்தைப் பாருங்கள். 3200 ரேம் 2666 என்று காட்டினால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ரேமைச் சீட்டிலுள்ள வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைத் தேடி இயக்கிவிடுங்கள்.