உப்சாலாவின் பச்சைக் கோடு

வெப்ப அளவுக்குப் பெயர் தந்த செல்சியஸ், மிகச் சிறிய நீள அலகுக்குப் பெயர் தந்த ஆங்ஸ்ட்ராம் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களாமே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதான். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே, ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது உப்சாலா. அங்குள்ள பல்கலைக்கழகம் 1477இல் தொடங்கப்பட்டது. ஸ்காண்டிநேவியாவிலேயே பழமையானது அதுதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் வரலாற்றை முழுதாக எழுதினால் ஒரு புத்தகம் ஆகிவிடும். நிணநீர்க் குழாய்களைக் கண்டறிந்து, 1655இல் தாவரவியல் தோட்டம் போட்டு, உடற்கூறு அரங்கமும் கட்டிய ஒலோஃப் ரூட்பெக் ஒரு தனி அத்தியாயம். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் இன்னொரு அத்தியாயம். செல்சியஸ் தன் வெப்பமானியில் நீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும் தலைகீழாகக் குறித்திருந்தார், அவர் இறந்த பிறகே அது திருப்பப்பட்டது என்பது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது, அந்த ஊர் துருவ ஒளியின் பின்னால் நூறாண்டுக்கும் மேலாக அலைந்த கதை.

வடவானத்தில் பச்சைத் திரைபோல் அசையும் ஒளியை ஐரோப்பியர்கள் நெடுங்காலம் போருக்கும் கொள்ளைநோய்க்கும் சகுனமாகவே பார்த்தார்கள். செல்சியஸ் வேறு மாதிரி ஆள். யார் யார் எந்தெந்த நாளில் துருவ ஒளியைப் பார்த்தார்கள் என்று 316 பதிவுகளைத் திரட்டி 1733இல் வெளியிட்டார். சகுனம் என்று நம்புகிறவர் பலித்த நாட்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வார். பலிக்காத நாளையும் எழுதி வைக்கத் தொடங்கினாலே பாதி மூடநம்பிக்கை காலி என்பது என் கருத்து.

1741இல் செல்சியஸின் மைத்துனர் ஹியோர்ட்டர், ஒரு காந்த ஊசியின் திசையை மணிக்கு மணி குறித்துக்கொண்டிருந்தார். ஓராண்டில் 6000க்கும் மேற்பட்ட அளவீடுகள். அந்த மார்ச் மாதம் ஓர் இரவு துருவ ஒளி தோன்றியபோது ஊசி நிலைகொள்ளாமல் ஆடியது. உள்ளூர்க் காரணம் எதுவும் ஊசியை ஆட்டியிருக்கலாமே? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, லண்டனில் இருந்த கருவி நிபுணர் ஜார்ஜ் கிரஹாமையும் தன் ஊசியைக் கவனித்துவரச் சொன்னார் செல்சியஸ். ஏப்ரல் 5 அன்று, ஏறத்தாழ 1400 கி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு ஊசிகளும் ஒரே நேரத்தில் தடுமாறின. அப்படியானால் காரணம் அறைக்குள்ளும் இல்லை, ஊருக்குள்ளும் இல்லை.

இன்று நமக்குக் காரணம் தெரியும். துருவ ஒளி எரியும் உயரத்தில் பெரும் மின்னோட்டங்கள் பாய்கின்றன. மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலம் இருக்கும், ஊசி அசையும். ஆனால் மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவையே டென்மார்க் இயற்பியலாளர் எர்ஸ்டெட் 1820இல்தான் கண்டார். எழுபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, என்ன பயன் என்று சொல்லத் தெரியாமல் ஒருவர் 6000 எண்களை எழுதியிருக்கிறார். இன்று நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தால், எதிர்பார்க்கும் விளைவுகள் என்ற கட்டத்தில் அவர் என்ன நிரப்பியிருப்பார்? பயனை முன்கூட்டியே சொன்னால்தான் பணம் என்பவர்கள் ஹியோர்ட்டருக்கு ஒரு மெழுகுவர்த்திச் செலவுகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தவர் பல்கலைக்கழக ஆசிரியரே அல்ல. 1770இல் உப்சாலாவுக்கு வந்து மருந்துக்கடையில் வேலை பார்த்த கார்ல் ஷீலே. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், மெழுகுவர்த்தியைப் பிரகாசமாக எரியவிடும் ஒரு காற்றைப் பிரித்தெடுத்தார். நெருப்புக் காற்று என்று அதற்குப் பெயர் வைத்தார். நாம் ஆக்சிஜன் என்கிறோம். அவர் புத்தகம் வெளிவர 1777 ஆகிவிட்டதால், முந்திக்கொண்டு வெளியிட்ட இங்கிலாந்தின் பிரீஸ்ட்லிக்குப் புகழ் போனது.

அப்புறம் ஆங்ஸ்ட்ராம். ஒளியை நிறமாலையாகப் பிரித்து அளப்பதில் தேர்ந்தவர் அவர். 1867 வாக்கில் தன் நிறமாலைமானியைத் துருவ ஒளியின் பக்கம் திருப்பினார். வடக்கே உள்ள பனித்துகள்களில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான் அது என்று கருதியவர்கள் உண்டு. அது சரியென்றால் வானவில்லின் எல்லா நிறங்களும் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். அவர் கண்டதோ கிட்டத்தட்ட ஒரே ஒரு பச்சைக் கோடு. கோடு தெரிந்தால் அங்கே ஒளிர்வது வாயு. பனி பற்றிய வாதம் அன்றோடு முடிந்தது. அவர் தந்த அலைநீளம், பின்னாளில் அவர் பெயரையே பெற்ற அலகில், சுமார் 5567. சரியான மதிப்பு 5577, அதாவது 557.7 நானோமீட்டர்.

என்ன வாயு என்பதுதான் தலைவலியாகப் போனது. ஆய்வகத்தில் எந்த வாயுவை ஒளிரவைத்தாலும் அந்தக் கோடு வரவில்லை. கண்டப்பெயர்ச்சிக்குப் புகழ்பெற்ற வெகெனர், நமக்குத் தெரியாத இலேசான வாயு ஒன்று மேலே இருப்பதாகச் சொல்லி அதற்குப் பெயரும் வைத்தார். நார்வேயின் இயற்பியலாளர் வெகார்ட், உறைந்த நைட்ரஜன் துகள்கள் என்றார்.

விடை, ஷீலேயின் நெருப்புக் காற்று! ஆக்சிஜன்தான் என்றால் இத்தனை காலம் ஏன் ஆய்வகத்தில் சிக்கவில்லை?

அணுவில் உள்ள எலக்ட்ரான் அடிபட்டு மேல் மட்டத்துக்கு ஏறி, கீழே இறங்கும்போது ஒளியை உமிழும் என்று பள்ளியில் படித்திருப்போம். சாதாரணமாக இந்த இறக்கம், ஒரு விநாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் நடந்துவிடும். ஆனால் குவாண்டம் விதிகளின்படி சில இறக்கங்கள் அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. ஆக்சிஜன் அணுவின் பச்சை ஒளி அப்படிப்பட்டது. அந்த மேல் மட்டத்துக்குப் போன அணு சராசரியாக முக்கால் விநாடி அங்கேயே காத்திருக்கும். அணுவின் கணக்கில் அது ஒரு யுகம். நம் தரைமட்டக் காற்றில் ஒவ்வொரு மூலக்கூறும் விநாடிக்குச் சில நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது. இந்த மோதல்களில் ஏதோ ஒன்று, ஒளியாக வரவேண்டிய ஆற்றலைப் பறித்துக்கொண்டு போய்விடும். நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு கண்ணில் சொட்டு மருந்து விட முயல்கிறவரின் நிலைதான் இங்கே அணுவுக்கு.

100 கி.மீ.க்கு மேலே நிலைமை வேறு. காற்று மிக மெலிந்திருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைத்துவிடுவதால் தனி அணுக்களும் ஏராளம். அங்கேயும் மோதல்கள் நடக்கின்றன என்றாலும், பெரும்பாலும் நைட்ரஜன் மூலக்கூறுகளோடுதான். பச்சைக்காகக் காத்திருக்கும் அணுவை நைட்ரஜன் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. மோதும், விலகும், ஆற்றலை எடுத்துக்கொள்ளாது. இந்த ஒரு சலுகை இல்லாவிட்டால் துருவ ஒளி இவ்வளவு பச்சையாக இருக்காது.

ஆய்வகத்தில் காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தாலும் வேறொரு சிக்கல். தடையில்லாமல் பறக்கும் அணு முக்கால் விநாடிக்குள் குழாயின் சுவரில் போய் மோதிவிடும். வானத்தில் சுவர் கிடையாது. 1925இல் டொரான்டோவில் மெக்லென்னனும் அவர் மாணவர் ஷ்ரமும், சிறிதளவு ஆக்சிஜனோடு நிறைய ஹீலியத்தைக் கலந்து மின்சாரம் பாய்ச்சினார்கள். ஹீலியம் அணுக்கள் ஆக்சிஜனின் ஆற்றலைத் தொடாமல் அதன் வழியை மட்டும் மறித்து, சுவரை எட்டவிடாமல் தாமதப்படுத்தின. பச்சைக் கோடு தெரிந்தது. ஆங்ஸ்ட்ராம் பார்த்து ஏறத்தாழ 58 ஆண்டுகள் கழித்து!

பச்சை ஒளியை உமிழ்ந்த அணு நேராக அதன் அடி ஆற்றல் மட்டத்துக்கு வருவதில்லை, இடையில் ஒரு படியில் நிற்கிறது. அங்கிருந்து இறங்கினால் சிவப்பு ஒளி, 630 நானோமீட்டர். ஆனால் அதற்குச் சுமார் 110 விநாடி காத்திருக்க வேண்டும், இந்த முறை நைட்ரஜன் சும்மா இருப்பதில்லை. ஆகவே 200 கி.மீ.க்கு மேலே, காற்று இன்னும் மெலிந்த இடத்தில்தான் சிவப்பு தப்பிப் பிழைக்கிறது. பச்சைத் திரைகள் சட்சட்டென்று நெளிவதும், சிவப்பு மட்டும் மங்கலாக, அசைவில்லாமல் படர்ந்திருப்பதும் இதனால்தான். அடிபட்டு ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகக் காத்திருந்து ஒளிரும் அணுக்களால் எப்படித் துடிக்க முடியும்?

துருவத்திலிருந்து வெகுதொலைவில் இருப்பவர்களுக்குப் பூமியின் வளைவு கீழே உள்ள பச்சையை மறைத்துவிடும், உயரத்தில் இருக்கும் சிவப்புதான் அடிவானத்துக்கு மேலே எட்டிப்பார்க்கும். 2024 மே மாதச் சூரியப் புயலின்போது (சூரியனிலிருந்து மின்துகள்கள் பெருமளவில் பாய்ந்து வரும் நிகழ்வு) லடாக்கின் ஹான்லேயில் கேமராக்கள் பதிவு செய்த சிவப்பும் ஆக்சிஜனின் அதே 630 நானோமீட்டர் ஒளிதான்.