மவ்லூதியா: சொல் விளக்கம்

அல்ஜீரியக் கால்பந்துச் செய்திகளில் அடிக்கடி தட்டுப்படும் பெயர் இது. அல்ஜியர்ஸ், ஓரான், சயீதா, எல்லையைத் தாண்டினால் மொரோக்கோவின் ஊஜ்தா என்று பல ஊர்களில் மவ்லூதியா என்ற பெயரில் கால்பந்துக் கழகங்கள் உண்டு. ஊரையோ நிறுவியவரையோ குறிக்கும் பெயரல்ல. நபிகள் நாயகம் பிறந்த திருநாளிலிருந்து வந்தது.

வேர் அரபியின் வ-ல-த. பெறுதல், பிறத்தல் என்று பொருள். வலத் என்றால் பிள்ளை, மவ்லித் என்றால் பிறப்பு, பிறந்த வேளை. தமிழ் முஸ்லிம்கள் ஓதும் மவ்லிதும், நம் நாள்காட்டிகளில் அச்சாகும் மீலாது நபியும் இதே வேரில் கிளைத்தவைதாம். வட ஆப்பிரிக்கப் பேச்சு வழக்கில் அந்த விழா மூலூத். அதனுடன் 'இய்யா' விகுதி சேர்ந்தால் மவ்லூதியா.

1921இல் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த அல்ஜியர்ஸின் பழைய நகரமான காஸ்பா பகுதியில், அப்துர் ரஹ்மான் அவூஃப் முதல் மவ்லூதியாவைத் தொடங்கினார். சிறுவர்கள் தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருக்க, "இதுதான் அரபுகளின் பார்க் தே பிரேன்ஸ்" என்று, பாரிஸின் விளையாட்டரங்கத்தைச் சொல்லி ஒரு சிப்பாய் நக்கலடித்ததாகவும், அது அவூஃபைச் சுட்டதாகவும் கதை சொல்வார்கள். கழகத்தைத் தொடங்கக் கூட்டம் கூடியது மீலாது நாளில், அதனால் இந்தப் பெயர் என்பதும் அதே கதையின் பகுதி. இங்கே ஒரு சிக்கல். கழகம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது ஆகஸ்ட் 7. அந்த ஆண்டு மீலாதோ நவம்பரில்தான் வந்தது. நாள் பொருந்தாவிட்டாலும் பெயரின் நோக்கம் தெளிவு: ஐரோப்பியர்களின் கழகங்களுக்கு நடுவே 'இது முஸ்லிம்களுடையது' என்று வெளிப்படையாகச் சொல்வது. ஆட்சியாளர்களுக்கும் அது புரிந்தது. முஸ்லிம் அணிகளில் ஐரோப்பிய ஆட்டக்காரர்களும் இருந்தே ஆக வேண்டும் என்று பின்னர் விதி போட்டார்கள். விடுதலைப் போரின்போது, 1956இல், முஸ்லிம் கழகங்கள் போட்டிகளிலிருந்தே விலகின.

1976இல் இந்தக் கழகம் ஆப்பிரிக்கச் சாம்பியன் கோப்பையை வென்றது. அல்ஜீரியக் கழகம் ஒன்று அதை வென்றது அதுவே முதல்முறை. கினியின் ஹாஃபியா அணியிடம் வெளியூரில் 0-3 எனத் தோற்று, சொந்த மண்ணில் 3-0 எனத் திருப்பிக் கொடுத்து, பெனால்டியில் முடித்தார்கள். மறுஆண்டே விளையாட்டுச் சீர்திருத்தம் என்று கழகங்களை அரசு நிறுவனங்களோடு இணைத்தார்கள். எண்ணெய் நிறுவனம் வந்து சேர்ந்ததில் பெயரிலிருந்த 'கிளப்' போய்ப் 'பெட்ரோலியே' நுழைந்தது. மவ்லூதியாவில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

எழுதும் முறை: பிரெஞ்சு எழுத்தைக் கூட்டிப் படித்து 'மௌலௌடியா' என்று எழுதுவது பிழை. மீலாது என்பதில் தகரம் போடுகிற நாம் இங்கும் தகரமே போடலாம். தமிழில் பொருள் தர வேண்டுமானால் 'மீலாதுக் கழகம்' பொருத்தம். 'பிறந்தநாள் கழகம்' என்றால் கேக் வெட்டும் கூட்டம்போல ஒலிக்கிறது. ஆட்ட முடிவுகளில் மவ்லூதியா என்றே விட்டுவிடலாம்; கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் தமிழ்ப்பெயரைப் பக்கத்தில் சேர்த்தால் போதும்.