வால்வு: சொல் விளக்கம்

வால்வு (பெயர்ச்சொல்): காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு. தமிழில் வெற்றிடக் குழல்.

இலத்தீனில் 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. அது ஆங்கிலத்துக்குப் போய், ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் அடைப்புக்குப் பெயரானது. 1904இல் இங்கிலாந்தின் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் செய்த குழலிலும் மின்னோட்டம் ஒரே திசையில்தான் போனது. அதனால் அதை வால்வு என்றார். அமெரிக்கர்கள் டியூப் என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நமக்கு வால்வு ரேடியோதான் வந்தது.

பொறியியல் தமிழில் 'ஓரதர்' என்ற அழகான சொல் உண்டு. அதர் என்றால் வழி. ஓரதர், ஒரு வழி. ஃபிளெமிங்கின் குழலுக்கு இது கச்சிதம். ஆனால் 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உள்ளே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வலையில் விழும் சிறு மின்னழுத்தம் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க, குழல் பெருக்கியாக மாறியது. அந்த வேலையை ஓரதர் சொல்லவில்லை. எனவே ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எழுதும்போது வெற்றிடக் குழல் என்பதே சரி. வால்வு ஆம்ப்ளிஃபயர், வெற்றிடக் குழல் பெருக்கி. ('ஒலிபெருக்கி' வேண்டாம், அதை ஸ்பீக்கர் எப்போதோ எடுத்துக்கொண்டது.)

பேச்சு வழக்கில் பழைய செட் ஊமையானால் உடனே "வால்வு போயிடுச்சு" என்போம். பெரும்பாலும் வால்வின் மேல் அநியாயப் பழி அது. 1953இல் வந்த குவாட் II என்ற பிரிட்டிஷ் பெருக்கியைப் பாருங்கள். கேடி66 என்ற வகை வால்வுகள் இரண்டு, 15 வாட். இன்றும் பாடுகிறது. வால்வு தேய்ந்தால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வேறு செருகலாம். மற்ற உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும்படி கம்பியால் இணைந்திருப்பதால் ஒரு சால்டரிங் அயர்ன் போதும். முதலில் கெடுவது கண்டென்சர், அதாவது மின்தேக்கி. மின்னோட்டத்தை வடிகட்டும் பெரிய கண்டென்சர் உள்ளே காய்ந்துபோகும். ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல் ஏறினால் அதைத்தான் பார்க்க வேண்டும். வால்வுக்கு முன்னால் இருக்கும் பழைய காகிதக் கண்டென்சர் கசிந்தால் இன்னும் மோசம்: வலைக்கு நேர்மின்னழுத்தம் ஏறி, வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்து, உள்ளே இருக்கும் தகடு சிவந்துவிடும். கண்டென்சரை மாற்றாமல் விலையுயர்ந்த புது வால்வைச் செருகினால் அதுவும் போகும். அப்புறம் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியலாம். அதற்குத்தான் மாற்று கிடைப்பது கடினம்.

உண்மையிலேயே வால்வு செத்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கண்ணாடியின் உட்புறத்தில், பெரும்பாலும் உச்சியில், வெள்ளி நிறப் பூச்சு இருக்கும். மிஞ்சிய காற்றை உறிஞ்ச வைத்த பேரியம் அது. பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு உதவாது. மற்றபடி, மூடியைத் திறப்பவர் கவனிக்க: உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்து அளந்து, மின்தடை வழியாக இறக்கிய பிறகே கை வைக்கவும்.