விமான நிலையத்துக்கு நிலம் கேட்டால்: ஆட்சேபணையை எங்கே, எப்போது, எப்படிக் கொடுப்பது

காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் பல கிராமங்களைத் தொடுகிற விமான நிலையத் திட்டம் போல ஒன்று வந்தால், ஊர்மக்களைக் கேட்கச் சட்டம் இரண்டு இடங்களில் வழி வைத்திருக்கிறது. ஒன்று நில எடுப்பு, மற்றொன்று சுற்றுச்சூழல் அனுமதி. இரண்டுக்கும் அலுவலகம் வேறு, கெடு வேறு, எடுபடும் வாதமும் வேறு. விமானப் போக்குவரத்து அமைச்சகம் தரும் இட அனுமதியிலும் கொள்கையளவு ஒப்புதலிலும் மக்களைக் கேட்கும் ஏற்பாடே கிடையாது. அவை கிடைத்துவிட்ட செய்தியைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று ஓய்ந்துவிட வேண்டாம்.

முதலில் நிலம். பரந்தூரில் எடுப்பது தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1997-இன்படி. மத்திய அரசின் 2013 சட்டத்திலுள்ள இழப்பீட்டு அட்டவணைகள் இதற்கும் உண்டு. சமூகத் தாக்க மதிப்பீடும் உரிமையாளர் சம்மதமும் கிடையாது. இந்த ஏற்பாடு செல்லும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே ‘எங்களுக்குச் சம்மதமில்லை’ என்று மட்டும் எழுதும் மனு நிற்காது.

அச்சட்டத்தின் 3(2) பிரிவு நோட்டீஸ்தான், நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று உரிமையாளரிடம் காரணம் கேட்பது. அதில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து, விசாரணைக்கும் நேரில் போக வேண்டும். பிறகு அரசிதழில் 3(1) அறிவிப்பு வெளியானால் அன்றே நிலம் அரசுடையதாகிவிடும். அதன்பின் அலுவலகத்தில் பேச மிஞ்சுவது தொகை மட்டுமே. பட்டா காலமான தாத்தா பெயரில் கிடந்தால் நோட்டீஸும் அவர் பெயருக்கே வரும் என்பதால், வாரிசுச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கூட்டுப் பட்டாவில் ஆளுக்கொரு மனு நல்லது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, கிணறு, மரங்கள், எந்த ஏரிப் பாசனம், எத்தனை போகம் என எல்லாம் அதில் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஊர் ஏரிகளுக்கு வரும் பறவைகள் பாதிக்கப்படும் என்ற வாதத்துக்கு இடம் சுற்றுச்சூழல் அனுமதியில்தான். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி தருவது ஒன்றிய அரசு. கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். மதிப்பீட்டின் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும், சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். சுருக்கத்தோடு நிறுத்தினால் ஒன்றும் கையில் சிக்காது. முழு அறிக்கையின் உயிரியல் அத்தியாயத்தையும் பின்னிணைப்பிலுள்ள பறவைப் பட்டியலையும் பாருங்கள்.

அதில் முதலில் தேட வேண்டியது கணக்கெடுத்த மாதம். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத் தரவே போதும் என்பது நடைமுறை. அதனால் மார்ச் முதல் மே வரை எடுத்துவிடுவது சகஜம். நம் ஏரிகள் நிரம்புவதோ ஐப்பசி, கார்த்திகையில். வலசைப் பறவைகள் மார்கழி, தையில் நிற்கும். சித்திரையில் காய்ந்த ஏரியில் எண்ணினால் காக்கையும் மைனாவும் உண்ணிக்கொக்கும்தான் பட்டியலில் ஏறும். ‘ஏராளமான பறவைகள் வருகின்றன’ என்ற வாக்கியத்துக்குத் திட்டக்காரர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். இன்ன ஏரி, இன்ன தேதி, காலை 7 மணி, ஊசிவால் வாத்து இத்தனை, நத்தைகுத்தி நாரை இத்தனை என்று படத்தோடு கொடுத்தால் அப்படித் தட்டிக்கழிப்பது கடினம். பறவை பார்ப்போர் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பழைய பதிவுகள் இருந்தால் அவற்றையும் இணையுங்கள்.

அடுத்து, அறிக்கைக்குள்ளேயே முரண் தேடுங்கள். ஓரிடத்தில் ‘பறவைகளுக்குப் பாதிப்பில்லை’ என்றிருக்கும். இன்னோரிடத்தில் விமானத்தில் பறவை மோதாமல் தடுக்கும் திட்டம் இருக்கும். சர்வதேச வழிகாட்டல் இதற்கு விமான நிலையத்தைச் சுற்றி 13 கி.மீ. வட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது. மோதலைத் தவிர்க்க வேண்டுமானால் பறவைகளை விரட்டியாக வேண்டும், அப்படியானால் பாதிப்பு வேலியோடு நிற்காது. அந்த வட்டத்தில் எந்தெந்த ஏரிகள், அங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு கண்ணி உண்டு. 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘ஏரி ஈரநிலம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் மடக்கிவிடுவார்கள். பாசனம், வெள்ள வடிகால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையிலுள்ள பறவைகள் என்று சேர்த்தே எழுத வேண்டும்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற விதி இல்லாததால், வெளிநடப்புச் செய்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. எழுத்து மனுவை முன்பே கொடுத்துவிட்டு, கடைசிவரை உட்காருங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் விளக்கிப் படித்து, ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ அன்றே கையெழுத்திட வேண்டும். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் திருத்தச் சொல்லும் நேரம் அதுதான்.

சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. கோவா மோபா விமான நிலையத்தில், சுற்றியுள்ள காடுகளின் விவரத்தை விண்ணப்பத்தில் மறைத்ததைக் காரணம் காட்டி 2019-இல் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறு பரிசீலனைக்குப் பின் 2020-இல் கூடுதல் நிபந்தனைகளோடு தடை விலகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனவே அறிக்கையோடு நிறுத்தாமல், ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும் விண்ணப்பப் படிவத்தையும் இறக்கி, உங்கள் ஊர் வரைபடத்தோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.