இரவு இரண்டு மணிக்கு யார், யாரைத் தூக்குவது?

முதியோர் இல்லமொன்றுக்குள் நுழைந்ததும் பொறுப்பாளர் எனக்கு முதலில் காட்டுவது சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பானைத்தான். அதன் முள் பச்சையில் நிற்கும், பரிசோதித்த திகதி ஒட்டப்பட்டிருக்கும், பற்றுச்சீட்டும் கோப்பில் இருக்கும். தீயணைப்புச் சேவையில் இருந்து ஓய்வுபெற்று, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள இல்லங்களில் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் நான், அதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்பேன்: இரவு இரண்டு மணிக்கு இந்த அறையில் புகை எழுந்தால், எழும்பி நடக்க முடியாத இந்த ஐந்து பேரையும் யார், எதில் வைத்து, எங்கே கொண்டுபோவது? பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஏனெனில் அந்த நேரத்தில் விழித்திருப்பவர் ஒரே ஒரு பெண் பராமரிப்பாளர்.

முதியோர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதை 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் சொல்கிறது. பதிவு அவசியந்தான், ஆனால் கட்டிலில் கிடப்பவரை அந்தச் சான்றிதழ் ஓரடி தூரமும் நகர்த்தாது.

நடக்கக்கூடியவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது வெளியே ஓடுங்கள் என்பதை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. ஒருவரை முற்றம் வரை கொண்டுபோய்த் திரும்பி வருவதற்குள் மற்ற நால்வரையும் புகை பிடித்துவிடும். இன்று நாம் போடும் மெத்தைகளில் பெரும்பாலானவை பொலியூரித்தேன் நுரையால் ஆனவை; அது எரியும்போது எழும் கரும்புகையில் காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் கலந்திருக்கும். தீ கட்டிலைத் தொடுவதற்கு முன்பே புகை ஆளை மயக்கிவிடுகிறது. ஆகவே மருத்துவமனைகளும் பராமரிப்பு இல்லங்களும் உலகெங்கும் கைக்கொள்ளும் முறை வேறு: தீப்பற்றிய அறையில் இருப்பவரை முதலில் எடுத்து, அந்த அறைக் கதவை அடைத்து, பிறகு அதே தளத்தில், இன்னொரு அடைத்த கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்கு மற்றவர்களைப் பக்கவாட்டில் நகர்த்துவது. முற்றத்துக்குப் போவது அதற்குப் பிந்திய கட்டம்.

ஸ்கொட்லாந்தில் ரோஸ்பார்க் என்ற பராமரிப்பு இல்லத்தில் 2004 ஜனவரி 31 அதிகாலையில் மூண்ட தீயில் 14 முதியோர் இறந்தார்கள். மின்பகிர்வுப் பெட்டி இருந்த ஓர் அலுமாரிக்குள் தொடங்கிய தீ அது. படுக்கையறைக் கதவுகள் பல திறந்து கிடந்தன. தீ எங்கே என்று தேடுவதில் கழிந்த நிமிடங்களால் தீயணைப்புப் படைக்கு அழைப்பும் பிந்தியது. கதவை அடைப்பதும் உடனே அழைப்பதும் காசு செலவில்லாத காரியங்கள் என்பதால் இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்.

கதவு என்றதும் எங்கள் பேச்சில் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சாத்துவதற்கும் திறப்புப் போடுவதற்கும் நாங்கள் ‘பூட்டு’ என்ற ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறோம். ஓர் ஒத்திகையில் ‘கதவைப் பூட்டுங்கள்’ என்று நான் சொன்னபோது, ஒரு பிள்ளை உண்மையாகவே தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டைக் கொழுவினாள். அன்றிலிருந்து ‘சாத்துங்கள், கொழுவ வேண்டாம்’ என்று விரித்தே சொல்கிறேன்.

அடைத்த கதவும் எங்கள் கட்டிடங்களில் முழுக் காவலாகாது. கதவுக்கு மேலே காற்றுக்கென விடப்பட்ட துவாரம் திறந்திருக்கும். ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடுகளில் அறைச் சுவர்கள் கூரை வரை எழுவதில்லை, ஆதலால் புகை சுவருக்கு மேலால் அடுத்த அறைக்குள் இறங்கும். அத்தகைய இல்லத்தில் நான் பரிந்துரைப்பது ஒன்றுதான்: படுக்கையில் இருப்பவர்களை, நேரே விறாந்தைக்குத் திறக்கும் கதவுள்ள அறைக்கு மாற்றுங்கள், வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய படிகளின் மேல் ஒரு சாய்தளம் போடுங்கள். பார்வையாளர் வரும் முன்னறை நடமாடக்கூடியவர்களுக்கும், பின்பக்கத்து இருண்ட அறை படுக்கையில் கிடப்பவர்களுக்கும் என்று ஒதுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காத ஒன்று.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஓர் இல்லத்தில் ஒத்திகை செய்தோம். முதியவர்களின் தோல் மெல்லியது, அவர்களை வைத்துப் பழகக் கூடாது என்பதால் ஒரு பணியாளரையே கட்டிலில் படுக்க வைத்தோம். சில்லுக் கட்டிலைத் தள்ளிப் பார்த்தால், உப்புக்காற்றில் துருவேறிய பிரேக் விடவில்லை. விட்டபின் கட்டில் நிலைக்குள் நுழையவில்லை. அளந்தேன்: கட்டில் கதவை விட இரண்டு அங்குலம் அகலம். அந்த ஒருவரை இரண்டு பேர் சேர்ந்து வெளியே எடுக்க ஆறு நிமிடம் சென்றது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆச்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ‘மகன், என்னை எடுக்கிற நேரம் இதுக்குள்ள நான் போய்ச் சேந்திருவன்’ என்றார். பிறகு ஊர்த் தையற்காரரிடம் தடித்த கன்வஸ் துணியில் நான்கு பட்டிகள் தைத்து ஒவ்வொரு மெத்தைக்கும் அடியில் நிரந்தரமாக விரித்தோம். பட்டிகளை மேலே கட்டி, மெத்தையோடு ஆளை நிலத்தில் இறக்கி, தலைப்பக்கமாகச் சீமெந்துத் தரையில் இழுத்தால் புகை குறைந்த கீழ்மட்டத்திலேயே போகலாம். மூன்றாம் தடவை ஒன்றரை நிமிடம்.

தீ எங்கிருந்து வருகிறது என்பதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை: கட்டிலுக்கடியில் கொளுத்திய நுளம்புத்திரி, தொங்கும் நைலோன் நுளம்பு வலை, கரண்ட் போன இரவில் மெழுகுதிரி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. பலருக்குத் தெரியாதவை வேறு. ஒட்சிசன் கொடுக்கப்படுபவரின் போர்வையிலும் உடுப்பிலும் ஒட்சிசன் ஊறி நிற்கும், அங்கே சிறு பொறியும் பெருந்தீயாகும். பாவிக்காத நேரம் கருவியை நிறுத்துங்கள். தோல் வறட்சிக்குப் பூசும் பரபின் களிம்பு படிந்த துணி வேகமாக எரியும், ஒருமுறை துவைத்தால் அது முழுதாகப் போவதுமில்லை. படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை தீயில் துளைபட்டால், அதன் பம்பி தொடர்ந்து காற்றை ஊதித் தீயை வளர்க்கும்; ஆகவே சுவரில் உள்ள சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990 என்று கொட்டை எழுத்தில் ஒட்டுங்கள். அழைப்பு எடுத்த பின்பே தீயணைப்பானைத் தொடுங்கள். நகரத்திலிருந்து பாலம் கடந்து வாகனம் வந்து சேரும் வரை கதவுகளும் அந்த ஒரு பெண்ணுந்தான் காவல். இரவில் இரண்டாவது ஆளை வைக்கச் செலவாகும் என்று சொல்பவர்களிடம், அயல் வீட்டார் இருவருக்கு ஒத்திகை பழக்கி, அவர்களின் தொலைபேசி எண்ணையும் அதே தாளில் எழுதச் சொல்கிறேன்.

கடைசியாகக் கம்பிக் கதவு. அந்தப் படுவான்கரை இல்லத்தில் கள்ளருக்குப் பயந்து இரவில் பூட்டிவிட்டுப் பொறுப்பாளர் திறப்பை வீட்டுக்கே கொண்டுபோவார். வாதாடி, ஒரு திறப்பைச் சிவப்பு நாடாவில் கோர்த்து, வெளியிலிருந்து கை எட்டாத உட்சுவரில் ஆணியில் தொங்கவிட்டோம். மூன்று மாதம் கழித்துப் போனபோது திறப்பு அதே ஆணியில் தொங்கியது. கதவில் இருந்தது புதுப் பூட்டு. அன்றைய ஒத்திகையை அந்தப் பூட்டிலிருந்தே தொடங்கினோம்.