கல்லடைப்புக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எப்போது கைகொடுக்கும்?

இடுப்புக்கு மேலே பிடித்து அடிவயிறு வரை இறங்கும் கல்லடைப்பு வலி வந்தால், கையில் இருப்பதை அடகு வைத்தாவது வைத்தியம் பார்க்கலாம் என்றுதான் மனசு போகும். தமிழ்நாட்டில் அதற்கு அவசியம் இல்லாத குடும்பங்கள் நிறைய. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரகக் கல் சிகிச்சைகளும் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவைத் திட்டமே ஏற்கிறது. இலங்கைத் தமிழர் முகாம்களில் வசிப்பவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை.

ஆனால் எல்லாக் கல்லுக்கும் அட்டை தேவைப்படாது. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். வலி மாத்திரை, தேவையான தண்ணீர், சில வாரப் பொறுமை போதும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலேயே இதை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் மருந்திலேயே கரைக்க முடியும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பதில் தப்பில்லை. பெரிய கல்லை அது கரைத்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அட்டையின் வேலை அதற்கு அப்புறம்தான். கல் இருக்கும் இடமும் அளவும் சிகிச்சையைத் தீர்மானிக்கும். சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கல்லை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல் என்றால், சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய கருவியை விட்டு லேசரால் பொடியாக்குவார்கள். 2 சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு முதுகுப் பக்கம் சிறு துளை போட்டு எடுப்பது வழக்கம். எதைச் செய்யப்போகிறார்கள், ஏன் அதை என்று மருத்துவரிடம் கேளுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குவது அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்குத்தான்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா, அங்கே சிறுநீரகப் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். உள்ளே காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனி மேசை இருக்கும். அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், ஸ்கேன் அறிக்கை கொடுத்தால் அவர்களே முன் அனுமதிக்கு அனுப்புவார்கள். அட்டை இல்லையா? கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வைப்பது நல்லது.

காய்ச்சல், குளிர் நடுக்கத்தோடு வலி இருந்தாலோ, சிறுநீரே வராமல் நின்றுவிட்டாலோ, காகிதத்தைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். 108ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அடைப்போடு கிருமித்தொற்று சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பலர் தவறவிடுவது ஸ்டென்ட் விஷயம். கல்லை எடுத்த பிறகு சிறுநீர்க் குழாயில் ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்புவது உண்டு. சில வாரங்களில் அதை எடுத்தே ஆகவேண்டும். வலி போய்விட்டதே என்று மறந்துவிட்டால் அதன் மேலேயே கல் படிந்து, இன்னொரு அறுவை சிகிச்சையில் போய் நிற்கும். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். எடுக்கும் செலவும் அதே அனுமதியில் அடங்குமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம்.